ரவுட்டரை சர்வருக்குள்ள ஏத்தினா எந்த ஊர்ல வைக்கிறது? செலவைக் குறைக்கிற முழுமையான வழிகாட்டி

2012 அக்டோபர்ல ஜெர்மனியில டார்ம்ஷ்டாட் ஊர்ல நடந்த ஒரு மாநாட்டுல ஏடி அண்ட் டி, பிடி, டாய்ச் டெலிகாம், வெரைசன் மாதிரி 13 டெலிகாம் கம்பெனிங்க சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி வாங்கி மாளல, இனிமே ரவுட்டர், ஃபயர்வால் எல்லாத்தையும் சாஃப்ட்வேரா சாதாரண சர்வர்ல ஓட்டலாம்னு. அதுதான் என்எஃப்வி (நெட்வொர்க் ஃபங்ஷன்ஸ் விர்ச்சுவலைசேஷன்). அப்புறம் ஐரோப்பாவோட டெலிகாம் ஸ்டாண்டர்ட் அமைப்பான எட்சி அதுக்கு ஒரு குழு போட்டு ஸ்டாண்டர்டெல்லாம் எழுதினாங்க, எல்லாரும் விர்ச்சுவல் ரவுட்டர்னு பேச ஆரம்பிச்சாங்க.

ஆனா பெட்டி சாஃப்ட்வேர் ஆன உடனே ஒரு புதுக் கேள்வி வரும். முன்னாடி ரவுட்டர் எங்க இருக்கணும்னு யாரும் கேட்டதில்ல, ஃபைபர் வந்து முடியுற இடத்துல இருக்கும், அவ்ளோதான். இப்ப அதை எந்த டேட்டா சென்டர்லயும் ஓட்டலாம்னா எந்த ஊர்ல ஓட்டுறது, எத்தனை ஊர்ல ஓட்டுறது? இதுல பல பேர் சர்வர் விலையைப் பாத்தே முடிவு பண்றாங்க. என்னோட கருத்து, சர்வர் விலை இதுல சின்ன விஷயம். டிராஃபிக் சுத்தி வர்ற தூரமும், ஒரு ஊர் விழுந்தா மத்த ஊர் தாங்குறதுக்கு சும்மா வச்சிருக்கிற கெப்பாசிட்டியும்தான் பணத்தைத் தின்னும். கீழ எண்ணோட காட்டுறேன்.

படி 1: எதை ஏத்தப் போறோம்னு முதல்ல தெளிவாகுங்க

ரவுட்டர்ங்கிறது ஒரே வேலை இல்ல. பக்கத்து ரவுட்டர்களோட பேசி எந்த வழியா போகணும்னு முடிவெடுக்கிற மூளை ஒண்ணு, அது கன்ட்ரோல் பிளேன். வர்ற பாக்கெட்டைப் பிடிச்சு சரியான லிங்க்ல தள்ளுற கை ஒண்ணு, அது ஃபார்வர்டிங். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டு இடம் தேட ஆரம்பிச்சா என்ன கணக்கு போட்டாலும் தப்பாத்தான் வரும்.

மூளையை மட்டும் ஏத்துறதுக்கு நல்ல உதாரணம் பிஜிபி ரூட் ரிஃப்ளெக்டர். பிஜிபிங்கிறது ரவுட்டருங்க ரூட் தகவலைப் பரிமாறிக்கிற மொழி, ரிஃப்ளெக்டர் அந்தத் தகவலை வாங்கி மத்த ரவுட்டருக்கெல்லாம் திருப்பிச் சொல்ற நடுவாள். ஒரு நெட்வொர்க்ல 100 ரவுட்டர் இருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணோட பேச 4950 செஷன் வேணும். ரெண்டு ரிஃப்ளெக்டர் வச்சா 201 போதும். இந்த ஏற்பாடு ஆர்எஃப்சி 4456ங்கிற இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆவணத்துல இருக்கு. இதுல யூசரோட பாக்கெட் ஒண்ணு கூட அந்த சர்வர் வழியா போகாது, வெறும் ரூட் தகவல்தான் போகும். நிறைய மெமரி வேணும், அது சர்வர்ல சல்லிசு. இன்டர்நெட்டோட ஐபிவி4 ரூட் பட்டியல் 2014 ஆகஸ்ட்ல 5,12,000 தாண்டினப்ப பழைய பெட்டிகள்ல அதுக்கு ஒதுக்கின இடம் நிரம்பி உலகம் முழுக்க பல நெட்வொர்க் தடுமாறுச்சு. சர்வர்ல இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்ல. அதனால விர்ச்சுவல் பண்ணணும்னு ஆசை இருந்தா ரிஃப்ளெக்டர்லதான் ஆரம்பிக்கணும், இதுல யோசிக்கவே வேணாம்.

கையையும் சேர்த்து ஏத்துறது வேற கதை. 10 ஜிபிபிஎஸ் லிங்க்ல 64 பைட் சின்ன பாக்கெட்டா வந்தா செகண்டுக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு கிடைக்கிற நேரம் 67 நானோசெகண்ட், 3 கிகாஹெர்ட்ஸ் கோர்ல அது சுமார் 200 சைக்கிள். மெமரியில ஒரு தடவை போய்ட்டு வந்தாலே பாதி சைக்கிள் காலி ஆகலாம். டிபிடிகே, விபிபி மாதிரி பாக்கெட்டை வேகமாத் தள்ளுற சாஃப்ட்வேர் இதை சாமர்த்தியமா சமாளிக்குது, உண்மைதான். ஆனா 2019 கடைசியில வந்த பிராட்காம் டோமஹாக் 4ங்கிற ஒத்த சிப் 25.6 டெராபிட் தள்ளும், அதோட சர்வர் போட்டி போட முடியாது. கோர் நெட்வொர்க்கோட பெரிய ரவுட்டரை சர்வர்ல ஏத்தணும்னு யாராவது சொன்னா கேட்டுக்கிட்டு நகர்ந்துடுங்க.

நடுவுல ஒரு வழியும் இருக்கு. மூளை டேட்டா சென்டர்ல, கை ஊர்லயே இருக்கிற சுவிட்ச்ல. வீட்டு இன்டர்நெட் இணைப்புங்க வந்து சேர்ற பிராட்பேண்ட் கேட்வேக்கு பிராட்பேண்ட் ஃபோரம் அமைப்போட டிஆர்-459 ஆவணம் இப்படித்தான் பிரிக்குது, மொபைல் கோர்ல 3ஜிபிபி ஸ்டாண்டர்டோட ரிலீஸ் 14ல இருந்து இதே மாதிரி பிரிவு இருக்கு. பல இடத்துல கடைசியில இதுதான் மலிவா முடியும்.

படி 2: மேப்பை எடுத்து வச்சுக்கங்க

கற்பனை நெட்வொர்க்ல பேசினா ஒண்ணும் பதியாது, அதனால நிஜமா இருந்த ஒண்ணை எடுத்துக்குவோம். அமெரிக்காவுல யுனிவர்சிட்டிங்களை இணைச்ச இன்டர்நெட்2வோட அபிலீன் நெட்வொர்க். 1999ல ஆரம்பிச்சு, 2004ல 10 ஜிபிபிஎஸ் ஆகி, 2007ல வேற நெட்வொர்க்குக்கு வழி விட்டுச்சு. 11 ஊர், 14 லிங்க். இப்ப ஓடல, ஆனா இந்தத் துறையில ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் இதைத்தான் சுத்திச் சுத்தி எடுப்பாங்க, ஏன்னா 2004ல அதுல ஓடின டிராஃபிக் கணக்கு 5 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு பெர்லின்ல இருக்கிற சூசே இன்ஸ்டிட்யூட்டோட எஸ்என்டிலிப் தொகுப்புல இலவசமா கிடைக்குது.

தூரத்தை நான் நேர்க்கோட்டு தூரத்துக்குப் பக்கமா ரவுண்டு பண்ணி எடுத்திருக்கேன், கிலோமீட்டர்ல. சியாட்டில்–சன்னிவேல் 1130, சியாட்டில்–டென்வர் 1640, சன்னிவேல்–லாஸ் ஏஞ்சல்ஸ் 500, சன்னிவேல்–டென்வர் 1500, லாஸ் ஏஞ்சல்ஸ்–ஹூஸ்டன் 2210, டென்வர்–கன்சாஸ் சிட்டி 900, கன்சாஸ் சிட்டி–ஹூஸ்டன் 1040, கன்சாஸ் சிட்டி–இண்டியானாபோலிஸ் 730, ஹூஸ்டன்–அட்லாண்டா 1130, அட்லாண்டா–இண்டியானாபோலிஸ் 690, அட்லாண்டா–வாஷிங்டன் 870, இண்டியானாபோலிஸ்–சிகாகோ 265, சிகாகோ–நியூயார்க் 1145, நியூயார்க்–வாஷிங்டன் 330. ஒரு பேப்பர்ல வரைஞ்சுக்கங்க, கீழ எல்லாமே இதை வச்சுத்தான்.

நிஜ வேலையில நேர்க்கோடு போதாது. ஃபைபர் ரயில் பாதை, ஹைவே ஓரமா வளைஞ்சு வளைஞ்சு போகும், நேர்க்கோட்டை விட நீளமாத்தான் வரும். அதனால பிங் அடிச்சு வந்த நேரத்தையோ ஃபைபர் கம்பெனி தர்ற ரூட் நீளத்தையோ போடுங்க. ஃபைபர்ல வெளிச்சம் 1 மில்லிசெகண்டுல சுமார் 200 கிலோமீட்டர் போகும், இது ஒண்ணு மனசுல இருந்தா போதும்.

டிராஃபிக்குக்கு சராசரி எடுக்காதீங்க, மாசத்தோட உச்சத்தையும் அப்படியே எடுக்காதீங்க. 95வது பெர்சென்டைல் எடுக்கிறது வழக்கம், அதாவது உச்சியில இருக்கிற 5 சதவீத அளவைத் தள்ளிட்டு மிச்சத்துல எது பெருசோ அது, பேண்ட்வித் பில்லும் பெரும்பாலும் அதுலதான் வரும்.

படி 3: செலவுக் கணக்கை நேர்மையா எழுதுங்க

இங்கதான் ஆளுக்கு ஆள் ஏமாத்திக்கிறாங்க. சர்வர் விலையை மட்டும் எழுதிட்டு பெட்டியை விட பாதி விலைதான்னு பிரசன்டேஷன் போட்டுடுவாங்க. எழுத வேண்டியது இதெல்லாம்: ஒரு ஊர்ல கடை (ரவுட்டர் ஓடுற இடத்தை இனிமே இப்படித்தான் சொல்லப் போறேன்) திறக்கிற செலவு, அதாவது ரேக், கரண்ட், ஏசி, சுவிட்ச், அங்க போய்ப் பாக்குற ஆள், சர்வர், சாஃப்ட்வேர் லைசென்ஸ், இது பெரும்பாலும் எத்தனை ஜிபிபிஎஸ்ங்கிறதைப் பொறுத்து ஏறும், அப்புறம் டிராஃபிக்கை அந்த ஊர் வரைக்கும் இழுத்துட்டுப் போய் திரும்பக் கொண்டுவர்ற பேண்ட்வித்.

கரண்ட் விஷயத்துல ஒரு பொறி இருக்கு. டிபிடிகே வகை ரவுட்டர் பாக்கெட் வருதான்னு இடைவிடாம பாத்துக்கிட்டே இருக்கும், நடு ராத்திரி டிராஃபிக்கே இல்லாட்டியும் கோர் 100 சதவீதத்துல ஓடும். ராத்திரி கரண்ட் மிச்சம் ஆகும்னு எக்செல்ல எழுதியிருந்தா அந்த வரியை அழிச்சுடுங்க.

சர்வர் எண்ணிக்கை படிக்கட்டு மாதிரி ஏறும், சாய்வா ஏறாது. ஒவ்வொரு ஊரோட லோடும் ஒரு சர்வர்ல 0.3 பங்குன்னு வச்சுக்குவோம். 11 ஊர்லயும் தனித்தனியா வச்சா ஊருக்கு ஒண்ணு, அது போனா இன்னொண்ணு, மொத்தம் 22. எல்லாத்தையும் ஒரே ஊர்ல குவிச்சா 3.3, ரவுண்டு பண்ணி 4, ஸ்பேர் 1, மொத்தம் 5. இந்த 22க்கும் 5க்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் விர்ச்சுவலைசேஷனோட லாபம். போதாததுக்கு நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் 3 மணி நேர வித்தியாசம், ரெண்டு ஊர் உச்சமும் ஒரே நேரத்துல வராது, அதனால குவிச்சு வச்சா தேவை 3.3ஐ விடக் கொஞ்சம் குறையும்.

அப்ப எல்லாத்தையும் ஒரே ஊர்ல குவிச்சுடலாமேன்னு தோணும். அடுத்த படி அதுக்குத்தான்.

படி 4: சுத்திப் போற தூரத்தை அளங்க

ஒரே ஊர்னா கன்சாஸ் சிட்டிதான் சரியான இடம், மேப்ல நடுவுல இருக்கு. அங்க இருந்து மத்த 10 ஊருக்கும் குறுக்கு வழித் தூரத்தைக் கூட்டினா 17,355. இண்டியானாபோலிஸ்ல வச்சா 18,085, டென்வர்ல வச்சா 20,055. கன்சாஸ்ல இருந்து ரொம்ப தூரம் லாஸ் ஏஞ்சல்ஸ், 2900 கிலோமீட்டர், போய்ட்டு வர 29 மில்லிசெகண்ட்.

ரூட் ரிஃப்ளெக்டருக்கு 29 மில்லிசெகண்ட் ஒரு விஷயமே இல்ல, தூங்கிக்கிட்டே ஓட்டலாம். ஃபார்வர்டிங்கை அங்க வச்சா? நியூயார்க்ல இருந்து வாஷிங்டனுக்கு நேர் லிங்க் 330 கிலோமீட்டர். ஃபார்வர்டிங் கன்சாஸ்ல இருந்தா அந்த பாக்கெட் 2140 போய் 2290 திரும்பி வரணும், மொத்தம் 4430. ஒரு பக்கத்துக்கே 1.65 மில்லிசெகண்டுல முடிய வேண்டியது 22 மில்லிசெகண்ட் ஆகுது. லேட்டென்சியை விடுங்க, அந்த டிராஃபிக் போறப்பவும் வர்றப்பவும் நடுவுல இருக்கிற அத்தனை லிங்க்லயும் உக்காந்துட்டுப் போகுது, இண்டியானாபோலிஸ்–கன்சாஸ் சிட்டி லிங்க்ல ரெண்டு தடவை, அந்த லிங்கையெல்லாம் பெருசு பண்ண யார் காசு தர்றது?

அதனால ஃபார்வர்டிங் இருந்தா ஊருக்கும் கடைக்கும் நடுவுல உள்ள தூரத்தைப் பாக்காதீங்க. அனுப்புற ஊர்ல இருந்து கடைக்கு எவ்ளோ, கடையில இருந்து போற ஊருக்கு எவ்ளோ, ரெண்டையும் கூட்டி நேர் தூரத்தைக் கழிங்க. வர்ற மிச்சம்தான் வீண் தூரம். அதை டிராஃபிக்கால பெருக்கி எல்லா ஊர் ஜோடிக்கும் கூட்டினா நிஜச் செலவு. கன்ட்ரோல் பிளேன் மட்டும்னா வெறும் தூரமே போதும்.

படி 5: ரிஃப்ளெக்டர்னா தூரத்தை விட பார்வை முக்கியம்

தூங்கிக்கிட்டே ஓட்டலாம்னு சொன்னேன்ல, அதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, தெரியாம போனா நல்லா அடி வாங்குவீங்க. ஏதோ ஒரு வெளி முகவரிக்கு நம்ம நெட்வொர்க்ல இருந்து வெளிய போக ரெண்டு வாசல் இருக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் நியூயார்க்லயும், மத்த பிஜிபி விதியெல்லாம் ரெண்டுக்கும் சமம்னு வச்சுக்குவோம். அப்ப பக்கத்து வாசல் எதுவோ அதைத்தான் ரவுட்டர் எடுக்கும். ஆனா முடிவு எடுக்கிறது கன்சாஸ்ல உக்காந்திருக்கிற ரிஃப்ளெக்டர். அதுக்கு நியூயார்க் 2140, லாஸ் ஏஞ்சல்ஸ் 2900. அதனால நியூயார்க்தான் பக்கம்னு முடிவு பண்ணி எல்லாருக்கும் அதையே சொல்லும், சியாட்டில் ரவுட்டருக்கும் சேர்த்து. சியாட்டில்ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் 1630தான், நியூயார்க் 4680. பாவம் சியாட்டில்காரன் பாக்கெட் நாட்டையே குறுக்க கடந்து போகும்.

பழைய காலத்துல ரிஃப்ளெக்டர் அந்தந்த வட்டாரத்துலயே பெட்டியா இருந்ததால இது பெருசா தெரியல. டேட்டா சென்டருக்குக் கொண்டு போனதும்தான் கடிக்க ஆரம்பிச்சுது. இதுக்குன்னே 2021ல ஆர்எஃப்சி 9107 வந்துச்சு, ரிஃப்ளெக்டர் தன் இடத்துல இருந்து பாக்காம கிளையண்ட் இருக்கிற இடத்துல இருந்து பாத்து கணக்கு போடும். இல்லன்னா ஆர்எஃப்சி 7911 வழியா ரெண்டு பாதையையும் அனுப்பிட்டு முடிவை ரவுட்டர்கிட்டயே விட்டுடலாம், ஆனா அப்ப எல்லா ரவுட்டர்லயும் மெமரி கூடத் தேவைப்படும். இந்த ரெண்டுல ஒண்ணை உங்க சாஃப்ட்வேர் தாங்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. தாங்காதுன்னா கிழக்குக்கு ஒண்ணு மேற்குக்கு ஒண்ணுன்னு ரிஃப்ளெக்டரை ஊருக்குப் பக்கத்துலயே வைங்க, அப்ப இடம் தேடுற கணக்கே மாறிப் போகும்.

படி 6: எத்தனை ஊர், எந்த ஊர்

இது பழைய கணக்குதான். ஒரு டவுன்ல ஆவின் பூத் எத்தனை வைக்கணும், எந்தத் தெருவுல வைக்கணும், பூத் நிறைய ஆனா வாடகை, கம்மி ஆனா ஜனங்களுக்கு நடை. அதே இழுபறி. கணக்குல இதை என்பி-ஹார்டு வகைன்னு சொல்லுவாங்க, ஊர் ஏற ஏற சாத்தியங்கள் வெடிக்கும். 11 ஊர்னா 2048 சேர்க்கைதான், லேப்டாப் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சுடும். 50 ஊர்னா 1 போட்டு பக்கத்துல 15 சைபர், அதுக்கும் மேல. அப்ப எல்லாத்தையும் எண்ணிப் பாக்க முடியாது.

பொதுவா எல்லாரும் முதல்ல பண்றது பேராசை முறை. முதல்ல ஒரு நல்ல ஊரைப் பிடி, அப்புறம் அதோட எதைச் சேத்தா ரொம்பக் குறையுதோ அதைச் சேரு. நம்ம மேப்ல அது கன்சாஸ்ல ஆரம்பிக்கும், ரெண்டாவதா சன்னிவேலைச் சேக்கும், ஒவ்வொரு ஊரும் தனக்குப் பக்கத்துக் கடைக்குப் போனா மொத்த தூரம் 11,145. நல்லாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா 55 ஜோடியையும் பாத்தா சன்னிவேல் + அட்லாண்டா வெறும் 9,395. பேராசை முறை 19 சதவீதம் அதிகமாக் காசு வாங்கிடுச்சு. காரணம் கன்சாஸ் நடுவுல இருக்கு, ஒத்த ஆளா இருந்தா நடு நல்லது, ஆள் ரெண்டு ஆனா நாட்டை மேற்கு கிழக்குன்னு பிரிச்சுக்கணும், நடுவுல இருக்கிறவன் யாருக்கும் பக்கத்துல இல்ல.

மூணு ஊர்னா? 165 சேர்க்கையில சிறந்தது சன்னிவேல் + கன்சாஸ் சிட்டி + வாஷிங்டன், 6,495. கவனிச்சீங்களா, அட்லாண்டா காணாம போச்சு, கன்சாஸ் திரும்பி வந்துடுச்சு! பேராசை முறையும் மூணாவதா வாஷிங்டனைச் சேத்து இதே இடத்துக்கு வந்து நிக்கும். ரெண்டுல தோத்த முறை மூணுல ஜெயிக்குது. அதனால பேராசை முறை மோசம்னு தூக்கிப் போடவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது.

நடைமுறையில நான் சொல்றது என்னன்னா, பேராசையில ஒரு விடையை எடுங்க, அப்புறம் ஒவ்வொரு ஊரா எடுத்துட்டு வேற ஊரைப் போட்டுப் பாருங்க, குறைஞ்சா மாத்திக்கங்க, இனிமே குறையாதுங்கிற வரைக்கும் ஓட்டுங்க. மேல இருக்கிற கன்சாஸ் + சன்னிவேல்ல கன்சாஸை எடுத்துட்டு அட்லாண்டாவைப் போட்டா ஒரே மாத்துல 9,395 வந்துடும். பைதான்ல நெட்வொர்க்எக்ஸ் லைப்ரரி வச்சு ஒரு 50 வரிக்குள்ள எழுதிடலாம். இதுக்கு மேல சரியான விடைதான் வேணும்னா பைதானோட பல்ப் (PuLP) லைப்ரரியில சமன்பாடா எழுதி சிபிசி (CBC), ஹைஸ் (HiGHS) மாதிரி இலவச சால்வர்கிட்ட குடுங்க, 50 ஊர் நெட்வொர்க் அதுக்கு சாதாரணம்.

சமன்பாட்டுல என்னென்ன இருக்கணும்? ஒவ்வொரு ஊருக்கும் இதைத் திறக்கிறோமா இல்லையான்னு 0 அல்லது 1. ஒவ்வொரு ஊரோட டிராஃபிக்கும் திறந்த ஒரு கடைக்குத்தான் போகணும். கடையில இருக்கிற சர்வர் தாங்கணும், சர்வர் எண்ணிக்கை முழு எண்ணா இருக்கணும். தூரம் ஒரு எல்லைக்கு மேல போகக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் வேற ஊர்ல ஒரு பேக்கப் கடை இருக்கணும். குறைக்க வேண்டியது படி 3ல எழுதின மொத்தச் செலவு. கடைசியில சொன்ன பேக்கப் கண்டிஷனை விட்டுட்டு ஓட்டுற ஆராய்ச்சிக் கட்டுரைங்க ஏராளம், அதனாலதான் அதுல வர்ற லாபமெல்லாம் கண்ணைப் பறிக்குது.

எத்தனை ஊர்ங்கிறதுக்கு ஒரு குறுக்கு வழி. ஒண்ணுல இருந்து ரெண்டு ஆனா மிச்சம் 7,960. ரெண்டுல இருந்து மூணு ஆனா மிச்சம் 2,900. ஒரு கடையோட வருஷச் செலவை இதே அலகுக்கு மாத்துங்க, அதாவது ஒரு ஊர் டிராஃபிக்கை ஒரு கிலோமீட்டர் இழுக்க ஆகுற செலவு எத்தனை மடங்குன்னு. 7,960க்கு மேல வந்தா ஒரே கடை, 2,900க்கும் 7,960க்கும் நடுவுல வந்தா ரெண்டு, 2,900க்குக் கீழ வந்தா மூணோ அதுக்கு மேலயோ. பெரும்பாலும் விடை எல்லைக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்காது, அதனால விலையெல்லாம் துல்லியமா தெரியலயேன்னு கவலைப்பட வேணாம். 11 ஊருக்கும் சம டிராஃபிக்னு வச்சு, ஊருக்கும் கடைக்கும் உள்ள தூரத்தை மட்டும் பாத்துத்தான் இந்த எண்ணெல்லாம், ஃபார்வர்டிங்னா படி 4ல சொன்ன வீண் தூரத்தைப் போடணும், உங்க நிஜ டிராஃபிக்கைப் போட்டா ஊர் மாறலாம்.

படி 7: ஒரு ஊரைக் கொன்னு பாருங்க

பேக்கப் கணக்குதான் இதுல எனக்குப் பிடிச்ச பகுதி. ரெண்டு கடைன்னா ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு மொத்த 3.3யும் தாங்கணும், அப்ப ஒவ்வொண்ணுலயும் 4 சர்வர், மொத்தம் 8. சன்னிவேல் விழுந்தா சியாட்டில் டிராஃபிக் அட்லாண்டா வரைக்கும் 3960 கிலோமீட்டர் போகும், போய்ட்டு வர கிட்டத்தட்ட 40 மில்லிசெகண்ட், உங்க எல்லை அதைத் தாங்குதான்னு பாத்துக்கங்க.

மூணு கடை. சாதாரண நாள்ல சன்னிவேலுக்கு 3 ஊர், கன்சாஸுக்கு 5, வாஷிங்டனுக்கு 3. சன்னிவேலோ வாஷிங்டனோ விழுந்தா அந்த 3 ஊரும் கன்சாஸுக்கு வரும், 8 ஊர், 2.4 லோடு, 3 சர்வர். கன்சாஸே விழுந்தா டென்வர் சன்னிவேலுக்குப் போகும், மத்த 4 ஊரும் தூரப்படி பாத்தா வாஷிங்டனுக்குப் போகும். அப்ப வாஷிங்டன்ல 7 ஊர், 2.1 லோடு, அந்த 0.1க்காக மூணாவது சர்வர் வாங்கணும். மொத்தம் 2 + 3 + 3, அதுவும் 8தான்.

இப்ப கன்சாஸ் சிட்டியோட சொந்த டிராஃபிக்கை மட்டும் பாருங்க. வாஷிங்டனுக்கு 2290, சன்னிவேலுக்கு 2400. வெறும் 110 கிலோமீட்டர் வித்தியாசம், அதுவும் கன்சாஸ் விழுந்த அன்னைக்கு மட்டும். அதை சன்னிவேலுக்குத் திருப்பி விட்டா வாஷிங்டன் 1.8, சன்னிவேல் 1.5, ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு சர்வர் போதும். மொத்தம் 7. மூணு கடை வச்சும் ரெண்டு கடையை விட சர்வர் கம்மி! பேக்கப்பை பக்கத்துக் கடைக்கே அனுப்பணும்னு கண்மூடித்தனமா எழுதினா இந்த மாதிரி மிச்சம் கண்ணுல படாது, பேக்கப் எங்க போகணும்னு சால்வரையே முடிவு பண்ண விடணும்.

இன்னொரு ஆபத்து, சுத்திச் சுத்தி ஒண்ணை ஒண்ணு நம்பி நிக்கிறது. ரிஃப்ளெக்டர் ஓடுற சர்வரைப் போய்ப் பிடிக்க வேண்டிய ரூட்டே அந்த ரிஃப்ளெக்டர் சொல்லித்தான் தெரியும்னா, அது ஒரு தடவை விழுந்தா எழுப்பவே முடியாது. 2021 அக்டோபர் 4ல ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுக்க மறைஞ்சு போனதுலயும் இந்த வாடை இருந்துச்சு. பேக்போன் போச்சு, டேட்டா சென்டர் எட்டலன்னு, தளத்தோட பேரை முகவரியா மாத்தித் தர்ற டிஎன்எஸ் சர்வருங்க தங்களோட பிஜிபி அறிவிப்பைத் தாங்களே வாபஸ் வாங்கிடுச்சு, சரி பண்ணப் போன இன்ஜினியர்களுக்குத் தேவையான டூலும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்துச்சு. அதனால ரிஃப்ளெக்டர் சர்வர் வரைக்கும் போற வழி, நெட்வொர்க்குக்குள்ள வழி சொல்ற ஓஎஸ்பிஎஃப் இல்லன்னா ஐஎஸ்-ஐஎஸ்லயே தெரியணும், கன்சோலுக்கு வேற கம்பெனி லைன் ஒண்ணு தனியா இருக்கணும். இதுக்கு ஆகுற காசை செலவுக் கணக்குல எழுதிடுங்க.

படி 8: ஓடுறதை நகத்தாதீங்க

விஎம் (சர்வருக்குள்ள ஓடுற விர்ச்சுவல் மெஷின்) தானே, லோடு கம்மியா இருக்கிறப்ப வேற ஊருக்கு நகத்தி மிச்சம் பிடிக்கலாமேன்னு ஒரு யோசனை வரும். வெப் சர்வருக்கு சரி. ரவுட்டர் நகர்ற நொடியில உறைஞ்சு நிக்கும். பிஜிபி பொறுமைசாலி, பதில் வராட்டியும் காத்திருக்க ஆர்எஃப்சி சொல்ற நேரம் (ஹோல்டு டைம்) 90 செகண்ட். ஆனா பக்கத்து ரவுட்டர் உயிரோட இருக்கான்னு பாக்குற பிஎஃப்டியை 50 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு, மூணு போனா செத்துட்டான்னு செட் பண்ணியிருந்தா 150 மில்லிசெகண்டுல செஷன் காலி, ரூட்டெல்லாம் பறிபோகும். வேகத்துக்காக எஸ்ஆர்-ஐஓவி போட்டு நெட்வொர்க் கார்டை நேரா விஎம்முக்குக் குடுத்திருந்தா நகத்துறதே பெரும்பாடு. புதுசா ஒண்ணை எழுப்பி, செஷன் எல்லாம் ஏறின அப்புறம் பழசோட பிரிஃபரன்ஸைக் குறைச்சு டிராஃபிக்கை வடிச்சு, கடைசியில அணைங்க. இதுக்கு ரெண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓட இடம் வேணும், அந்த ஸ்பேர் படி 7ல ஏற்கனவே வந்துடுச்சு.

படி 9: எந்த வருஷம் எந்த ஊர்

யாரும் ஒரே நாள்ல மூணு கடை திறக்கப் போறதில்ல. முதல் வருஷம் ஒண்ணு, பழைய பெட்டி பேக்கப்பா பக்கத்துலயே நிக்கும், அடுத்த வருஷம் ரெண்டு, அப்புறம் மூணு. ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்துக்குச் சிறந்ததைப் பிடிச்சா கன்சாஸ், அப்புறம் சன்னிவேல் + அட்லாண்டா, அப்புறம் சன்னிவேல் + கன்சாஸ் + வாஷிங்டன். மூணு வருஷ தூரம் 17,355 + 9,395 + 6,495, மொத்தம் 33,245. ஆனா இதுக்காக கன்சாஸை மூடித் திரும்பத் திறக்கணும், அட்லாண்டாவைத் திறந்து ஒரே வருஷத்துல மூடணும், மொத்தம் 5 திறப்பு 2 மூடல்.

கன்சாஸ், அதோட சன்னிவேல், அதோட வாஷிங்டன்னு வரிசையா சேத்துக்கிட்டே போனா நடு வருஷம் மட்டும் கொஞ்சம் அடி, 17,355 + 11,145 + 6,495, மொத்தம் 34,995. திறப்பு 3தான், மூடலே இல்ல. வித்தியாசம் 1,750. அதாவது ஒரு கடையைப் புதுசா திறக்க ஆகுற ஒரு தடவைச் செலவு 875 அலகுக்கு மேல இருந்தாலே ரெண்டாவது வழி ஜெயிச்சுடும், மூடுற செலவு, ஆளுங்களை இடம் மாத்துறது இதெல்லாம் சேக்காமலே. மூணாவது கடை வரவே வராதுன்னு உங்க நிர்வாகம் உறுதியா சொன்னா மட்டும் கன்சாஸை விட்டுட்டு, பழைய பெட்டி நிக்கிற முதல் வருஷத்துலயே அட்லாண்டாவுல ஆரம்பிங்க.